குளியலறைத் திரையில் விழும் கறுப்புப் புள்ளி: இருநூறு வருடக் கதை

எமது ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்பு குளியலறைத் திரை என்ற பொருளுக்கே தேவை இருக்கவில்லை. கிணற்றடியில் குளித்தோம். தண்ணீர் மண்ணுக்குள் போனது, மீதி ஈரத்தை வெயிலும் காற்றும் பார்த்துக்கொண்டன. இன்று கட்டப்படும் வீடுகளில் படுக்கையறையோடு ஒட்டியே குளியலறை. நான்கு சுவருக்கும் டைல்ஸ், மேலே ஒரு சாண் ஜன்னல், ஒரு பக்கம் ஷவர், மறு பக்கம் கொமட். கொமட் பக்கம் நனையாமலிருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை.

அந்தத் திரையை வாங்கித் தொங்கவிட்டு மூன்று நான்கு மாதம் போகாது. அடி விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் வரும். மடிப்புகளில் இளஞ்சிவப்பாக ஒரு வழுவழுப்பு படியும். கதவைத் திறந்தால் ஒரு புழுங்கல் வாடை அடிக்கும். வாங்கிய பக்கெட்டிலோ "பூஞ்சணம் பிடிக்காது" என்று எழுதியிருக்கும்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த வாசகம் முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அதற்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எமது பணத்துக்கும் நல்லது, எமது பிள்ளைகளின் சுவாசத்துக்கும் நல்லது.

முதலில் பாடசாலைப் பாடத்தை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். பூஞ்சணம் என்பது பங்கசு. அதன் வித்திகள் எப்போதும் காற்றில் இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க யாராலும் முடியாது. விழுந்த இடத்தில் ஈரமும் உணவும் ஓரளவு வெப்பமும் கிடைத்தால் முளைக்கும். ஈரப் பாணில் முளைக்கிறது, காய்ந்த ரஸ்கில் முளைப்பதில்லை. இரண்டும் ஒரே மாவுதான். வித்தியாசம் ஈரத்தில்தான் இருக்கிறது. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் போவோம்.

துணியைப் பூஞ்சணத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற கவலை முதலில் கடலோடிகளுக்குத்தான் வந்தது. பாய்மரம், கயிறு, வலை எல்லாமே பருத்தி, சணல் போன்ற தாவர நார். எல்லாமே எப்போதும் ஈரம். எமது நாட்டுக் களப்புக் கரைகளில் கண்டல் மரப்பட்டையை அவித்து, அந்தச் சாயத்தில் பருத்தி வலையையும் பாயையும் ஊறவைத்தார்கள். பட்டையிலுள்ள தனின் என்ற பொருள் நாரை உக்கவிடாமல் காத்தது. நைலோன் வலை வந்த பிறகுதான் அந்தப் பழக்கம் மறைந்தது. ஐரோப்பியக் கடலோடிகளும் இதே வழியில் மரப்பட்டையிலும் காசுக்கட்டியிலும் பாய்களை ஊறவைத்தார்கள். பழைய படங்களில் காணும் செங்கபில நிறப் பாய்களின் நிறம் அப்படி வந்ததே.

மரப்பட்டைச் சாயம் சில மாதங்களில் கழுவப்பட்டுப் போய்விடும், மீண்டும் ஊறவைக்க வேண்டும். பெரிய கடற்படை வைத்திருந்த பிரித்தானியாவுக்கு இது போதவில்லை. 1832இல் ஜோன் ஹவாட் கயன் என்பவர் இரசக் குளோரைட்டில் ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மரம் உக்கவில்லை. ஆனால் அந்த இரசக் குளோரைட்டு மனிதனையும் கொல்லும் கடும் நஞ்சு. 1838இல் கடற்படையின் மருத்துவத் தலைவராக இருந்த சேர் வில்லியம் பேர்னெட், நாகக் குளோரைட்டில் மரத்தையும் கன்வஸ் துணியையும் கயிற்றையும் ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நாகம் இரசத்தை விட மலிவு, ஆபத்தும் குறைவு. ஆனால் தண்ணீரில் இலகுவாகக் கரைந்துவிடும். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனின் வில்ஸ்டன் பகுதியில் செம்புக் கரைசலில் தோய்த்த பச்சை நிறக் கன்வஸ் தயாரானது. அது நீண்ட காலம் நின்றுபிடித்தது. கூடாரங்களுக்கும் வண்டி மூடிகளுக்கும் வாங்கினார்கள்.

ஆக, முதல் நூறு வருடங்களின் யோசனை ஒன்றே ஒன்றுதான். துணிக்குள் ஒரு நஞ்சை வை, தின்ன வரும் பங்கசு சாகட்டும்.

இந்த யோசனையின் மறுபக்கத்தை அதே நூற்றாண்டில் இன்னொரு சம்பவம் காட்டியது. அன்று ஐரோப்பிய வீடுகளின் சுவர்களில் ஆசனிக்குக் கலந்த பச்சை நிறச் சுவர்க் கடதாசி ஒட்டுவது நாகரிகமாக இருந்தது. ஈரச் சுவர் உள்ள அறைகளில் படுத்தவர்கள் நோயுற்றதாக முறைப்பாடுகள் எழுந்தன. 1890களில் இத்தாலியரான பார்த்தலோமியோ கோசியோ ஆராய்ந்து பார்த்தார். ஈரக் கடதாசியில் வளர்ந்த சில பூஞ்சணங்கள் ஆசனிக்கால் சாகவில்லை. மாறாக அதை வெள்ளைப்பூண்டு மணமுள்ள ஒரு வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டன. அந்த வாயுதான் ஆட்களைக் கொன்றதா என்பதில் பின்வந்த ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கோசியோ காட்டிய இன்னொரு விடயத்தில் சந்தேகமில்லை. ஒரு பங்கசுக்கு நஞ்சாக இருப்பது இன்னொரு பங்கசுக்கு நஞ்சாக இருக்க வேண்டியதில்லை. சுவரில் ஈரம் இருக்கும் வரை, அந்த நஞ்சைத் தாங்கக்கூடிய ஏதோவொன்று வந்து குடியேறும்.

அடுத்த பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போர். பசுபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்க இராணுவத்தின் கூடாரங்கள், பைகள், பட்டிகள், சப்பாத்துகள் எல்லாம் மழையிலும் புழுக்கத்திலும் உக்கத் தொடங்கின. புதுக் கூடாரம் சில வாரங்களில் கையால் கிழிக்கும் நிலைக்கு வந்தது. எதிரியை விட முதலில் பூஞ்சணத்தோடு போராட வேண்டியிருந்தது. இராணுவ ஆய்வுகூடமொன்று உக்கிய துணிகளை எல்லாம் வரவழைத்து, அவற்றிலிருந்த பங்கசுக்களைப் பிரித்து வளர்த்துச் சேகரித்தது. துணிகளுக்குச் செம்பு நெப்தனேற்று பூசினார்கள். மீண்டும் அதே பச்சை நிறம், அதோடு சகிக்க முடியாத மணம்.

அந்தச் சேகரிப்பில் ஒன்று, 1944இல் சொலமன் தீவுக்கூட்டத்தின் போகன்வில் தீவில் உக்கிப்போன ஒரு பருத்திக் கூடாரத்திலிருந்து கிடைத்தது. அதற்குக் கியூ.எம்.6ஏ என்று இலக்கமிட்டார்கள். எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியும், பின்னர் அவரோடு இணைந்த மேரி மன்டல்ஸும் வருடக்கணக்காக அதை ஆராய்ந்தார்கள். துணியை அது எப்படித் தின்கிறது? நாரை வெல்லமாக உடைக்கும் நொதியங்களை அது வெளியே சுரக்கிறது என்று கண்டார்கள். துணியைக் காப்பாற்றத் தொடங்கிய ஆராய்ச்சி அப்படியே திரும்பிவிட்டது. இன்று ஜீன்ஸ் துணியை மென்மையாக்கவும், சலவைத் தூளிலும், வைக்கோலிலிருந்து எரிபொருள் செய்யவும் பயன்படும் நொதியங்களில் பெரும் பங்கு அந்த ஒரு கூடாரத்துப் பங்கசின் வழித்தோன்றல்களிடமிருந்து வருகிறது. 1977இல் அதற்கு ரீஸின் பெயரையே சூட்டி ட்ரைகொடர்மா ரீஸியை என்று அழைத்தார்கள்.

இந்தக் கதையை நாம் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பங்கசு என்ன தின்கிறது, எப்படித் தின்கிறது என்று கேட்டபோதுதான் விடை கிடைக்கத் தொடங்கியது. எதைக் கொண்டு கொல்லலாம் என்று மட்டும் கேட்ட நூறு வருடங்களில் அது கிடைக்கவில்லை.

இனிக் குளியலறைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் குளியலறைத் திரை என்றால் தடித்த பருத்தித் துணி, அல்லது மெழுகோ எண்ணெயோ இறப்பரோ பூசிய துணி. பருத்தியைப் பங்கசு தின்னும். ஆளிவிதை எண்ணெய் பூசினால் அந்த எண்ணெயையும் சேர்த்துத் தின்னும். இறப்பர் காலப்போக்கில் வெடிக்கும், ஒட்டும்.

1926இல் ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில், குட்ரிச் டயர் கம்பனியின் இரசாயனவியலாளர் வோல்டோ செமன், இறப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த முயற்சியில், பயனற்றதாகக் கருதப்பட்ட பி.வி.சி.யை ஒரு திரவத்தோடு சூடாக்கியபோது வளையக்கூடிய ஒரு பொருள் கிடைத்தது. பசையாக அது உதவவில்லை. அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மனைவி இறப்பர் பூசிய துணியில் குளியலறைத் திரை தைப்பதைப் பார்த்ததும், இந்தப் புதுப் பொருளைத் துணியில் பூசலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். பூசிய துணியை எடுத்துச் சென்று மேலதிகாரியின் மேசையிலிருந்த கடதாசிகள் மீது விரித்து, ஒரு கூசாத் தண்ணீரை ஊற்றிக் காட்டினாராம். கடதாசி நனையவில்லை. 1933இல் காப்புரிமை கிடைத்தது. கொரோசீல் என்ற பெயரில் மழைக்கோட்டும் குளியலறைத் திரையும் சந்தைக்கு வந்தன.

பி.வி.சி.யைப் பங்கசால் தின்ன முடியாது. ஆகவே பிரச்சினை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தனிப் பி.வி.சி. எமது தண்ணீர்க் குழாய் போலக் கடினமானது. திரை போல வளைய வேண்டுமானால் மென்மையாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தைச் சேர்க்க வேண்டும். பல வேளைகளில் அது திரையின் எடையில் மூன்றில் ஒரு பங்களவுக்கும் வரும். அந்தத் திரவங்களில் சிலவற்றைப் பங்கசு விரும்பித் தின்றது. திரை கறுத்தது, விறைத்தது, வெடித்தது.

மீண்டும் பழைய யோசனை வந்தது. நஞ்சைக் கலந்துவிடு. மென்மையான பி.வி.சி. பொருட்களில் பல தசாப்தங்களாகக் கலக்கப்பட்ட பூஞ்சண எதிர்ப்பிகளில் ஒன்று ஆசனிக்குச் சேர்வை. சுவர்க் கடதாசியிலிருந்து குளியலறைத் திரை வரை, ஒரு சுற்றுச் சுற்றி அதே ஆசனிக்கு வந்து நின்றது. 2008இல் புதிய பி.வி.சி. திரைகளிலிருந்து எழும் மணத்தைப் பற்றி அமெரிக்கச் சுற்றாடல் அமைப்பொன்று வெளியிட்ட அறிக்கையும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பிளாஸ்டிக் துறையினர் அதை மறுத்தார்கள். ஆனால் வாங்குவோர் மென்மையாக்கும் திரவமே தேவைப்படாத, குளோரின் இல்லாத "பீவா" வகைத் திரைகளையும், கழுவக்கூடிய பொலியஸ்டர் துணித் திரைகளையும் தேடத் தொடங்கினார்கள். இன்று எமது கடைகளிலும் இவை கிடைக்கின்றன.

இப்போது அந்தப் பக்கெட் வாசகத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் பொருளொன்று பூஞ்சணத்தைத் தாங்குமா என்று பார்க்க ஏ.எஸ்.டி.எம். ஜி21 என்ற ஒரு சோதனை உண்டு. பொருளின் சிறு துண்டொன்றை, உணவுச் சத்து எதுவும் இல்லாத ஊடகத்தின் மீது வைத்து, ஐந்து வகைப் பங்கசுக்களின் வித்திகளைத் தெளித்து, வெப்பத்திலும் ஈரத்திலும் 28 நாட்கள் விடுவார்கள். 0 என்றால் வளர்ச்சி இல்லை. 4 என்றால் பெரும்பகுதி மூடிவிட்டது. அங்கே பங்கசுக்கு அந்தத் துண்டைத் தவிர வேறு உணவு கிடையாது. அதைத் தின்ன முடியாவிட்டால் பட்டினிதான். தின்ன முடியாத பொருளுக்கு நல்ல புள்ளி.

சோதனை நேர்மையானது. ஆனால் எமது குளியலறையில் பங்கசு பட்டினி கிடப்பதில்லை. சவர்க்காரப் படிவு, ஷம்பூ, தலைக்கு வைத்த எண்ணெய், உடலிலிருந்து உதிரும் தோல் என்று தினமும் நாமே உணவு பரிமாறுகிறோம். திரை வெறும் பீங்கான். சோறு எம்முடையது. பீங்கானைத் தின்ன முடியாது என்பதால் சோறு மிஞ்சிவிடுமா?

2004இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுக் குளியலறைத் திரைகளில் படிந்த வழுவழுப்பை எடுத்து, அதிலிருந்த உயிரினங்களை மரபணு முறையில் அடையாளம் கண்டார்கள். அதில் பற்றீரியாக்களே மலிந்திருந்தன. அவற்றில் இளஞ்சிவப்பு நிறமுள்ள மெதைலோபற்றீரியம் என்ற வகையும் முக்கியமானது. ஆகவே திரையில் நாம் காணும் எல்லாமே பூஞ்சணம் அல்ல. கறுப்புக்கு எதிராகக் கலந்த மருந்து இளஞ்சிவப்பைத் தடுக்கும் என்றும் இல்லை. ஆரோக்கியமானவர்களுக்கு இவற்றால் பெரிய கேடு வருவது அரிது. ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் உள்ள வீட்டில் கவனம் தேவை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது.

"கிருமி எதிர்ப்பு" என்ற வாசகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கச் சட்டப்படி, இப்படி மருந்து கலந்த பொருட்களில் அந்த வாசகம் பொதுவாகப் பொருளைப் பாதுகாப்பதை மட்டுமே குறிக்க வேண்டும். உங்களை நோயிலிருந்து காக்கும் என்று சொல்லக்கூடாது. கிருமி எதிர்ப்புச் சவர்க்காரங்களிலும் பல வீட்டுப் பொருட்களிலும் கலக்கப்பட்ட ட்ரைக்ளோசன் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது உட்பட 19 பொருட்களைக் கை, உடல் கழுவும் சவர்க்காரங்களில் சேர்க்கக்கூடாது என்று 2016 செப்டெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. சாதாரண சவர்க்காரமும் தண்ணீரும் செய்வதை விட அவை மேலாகச் செய்கின்றன என்று கம்பனிகளால் நிரூபிக்க முடியவில்லை.

அப்படியானால் நல்ல திரை எப்படி இருக்க வேண்டும்? அண்மைக் கால வடிவமைப்பாளர்கள் நஞ்சை விட நீரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார்கள். மடித்துத் தைத்த அடி விளிம்பு தண்ணீரைத் தேக்கும். கறுப்பு எப்போதும் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே தையலில்லாமல் சூட்டால் ஒட்டிய தட்டை விளிம்பு நல்லது. மேற்பகுதியில் வலைத்துணி வைத்தால் நீராவி வெளியேறும். தரையைத் தொடாத நீளம் வேண்டும். குளிக்கும்போது திரை உள்ளே இழுபட்டு உடலில் ஒட்டுவது எல்லோரும் அறிந்த தொல்லை. மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷ்மிட், ஷவரின் நீர்த்துளிகள் காற்றில் ஒரு சுழலை உண்டாக்கி, அதன் நடுவில் அழுத்தத்தைக் குறைப்பதாகக் கணினியில் கணித்துக் காட்டினார். 2001இல் இதற்காகச் சிரிப்பும் சிந்தனையும் கலந்த இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அடி விளிம்பில் சிறு பாரமோ காந்தமோ வைத்தால் திரை நேராகத் தொங்கும். ஈர மடிப்புகளும் குறையும். இவற்றில் எதிலும் ஒரு துளி நஞ்சு இல்லை.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் தரும் கணக்கு இலகுவானது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் வளராது. ஆனால் எமது கரையோரக் காற்றே ஈரம் நிறைந்தது. மாரி காலத்தில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஐந்து பேர் குளிக்கும் வீட்டில், ஜன்னல் இல்லாத அறையில் தொங்கும் திரை மாதக் கணக்கில் காய்வதே இல்லை. அங்கே எந்த விலைத் திரையும் தோற்றுவிடும்.

ஆகவே சில விடயங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

வீடு கட்டுபவர்கள் குளியலறை ஜன்னலைப் பெரிதாக்குங்கள். முடியாவிட்டால் காற்றை வெளியேற்றும் விசிறிக்கு இடம் விடுங்கள். டைல்ஸுக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பகுதி போதும். தரைக்குச் சரிவு சரியாக இருந்தால், பாதிச் சுவர் ஒன்று எழுப்பினால், பல வீடுகளுக்குத் திரையே தேவைப்படாது.

திரை இருப்பவர்கள், கடைசியாகக் குளிப்பவர் அதை ஒதுக்கிச் சுருக்கி வைக்காமல் முழுதாக இழுத்து விரித்துவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். கிழமைக்கு ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமான இடத்தில் காயவிடுங்கள். பூஞ்சணத்தின் உணவு அதோடு போய்விடும். வாங்கும்போது பக்கெட்டின் வாசகத்தைப் பார்ப்பதற்கு முன் அடி விளிம்பைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. கறுப்பைப் போக்குகிறோம் என்று குளோரின் திரவத்தையும் கொமட் கழுவும் அசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து. அமோனியா உள்ள திரவத்தோடு சேர்ப்பதும் அப்படித்தான். குளோரின் பாவித்தே ஆக வேண்டுமென்றால் தனியாக, தண்ணீர் கலந்து, ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்துப் பாவியுங்கள்.

இரசம், நாகம், செம்பு, ஆசனிக்கு, ட்ரைக்ளோசன் என்று இருநூறு வருடங்களாக மனிதன் தேடிய மருந்துகளின் பட்டியல் நீளமானது. எமது உம்மம்மாமாருக்கு அவற்றில் ஒன்றின் பெயரும் தெரியாது. ஈரச் சாரனைச் சுருட்டி வைத்தால் கரும்புள்ளி விழும், உதறிக் கொடியில் போடு என்று மட்டும் சொன்னார்கள். இன்றைய வடிவமைப்பாளர்களும் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கண்டல் பட்டை அவித்து வலைக்குச் சாயமிட்டதைக் கண்ட மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்த அறிவு அவர்களோடு போய்விடக் கூடாது.